அருந்ததி: ஒரு பெயரின் சாதி

போன மார்கழியில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவுக்கே எடுத்து வந்து வைத்திருந்தோம். முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும். தாய்மாமன் நான்தான். போதாதற்கு எம்.ஏ. தமிழ் படித்தவன். "அண்ணே, நீ ஒண்ணும் தேட வேணாம், நானே ஒரு பேரு நெனச்சு வச்சிருக்கேன், அருந்ததி" என்றாள் தங்கை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், நல்ல உச்சி வெயிலில் அருந்ததி பார்க்கச் சொல்லி மாப்பிள்ளை கையைத் தூக்கிக் காட்ட, "ஒண்ணுமே தெரியலையே" என்று இவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். பந்தலே சிரித்தது. அன்றைக்கு மனதில் விழுந்த பெயர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "அது சக்கிலியப் பேராச்சே. நாளைக்கிப் பள்ளிக்கூடத்துல புள்ளைய என்ன சாதின்னு கேக்கவே வேணாம், பேரே சொல்லிப்புடும்" என்றார். வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பதினைந்து வருடமாக மேடையில் பேசிக்கொண்டிருப்பவன் நான். பறையன் என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக்கியவன் எவன் என்று ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில், எங்களுக்கும் கீழே ஒரு சாதி இருக்கிறது என்று எங்கள் ஆளே சொன்னபோது, காபி தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த மௌனத்திலிருந்து எழுதுவது. முதலில் பெயரைப் பார்ப்போம், என் சங்கதி பிறகு.

அருந்ததி சமஸ்கிருதச் சொல். 'ருத்' என்றால் தடு, மறி. முன்னால் ஓர் 'அ' போட்டால் தடுக்காதவள், மறிக்காதவள். கணவன் சொல்லைத் தட்டாதவள் என்று உரைகாரர்கள் இதை நீட்டிக்கொள்வார்கள். ஆனால் சொல் இன்னும் பழையது. அதர்வ வேதத்தில் அருந்ததி ஒரு பெண்ணே அல்ல, ஒரு மூலிகைக் கொடி. வெட்டுக்காயம், எலும்பு முறிவு இவற்றை ஆற்றுகிற பச்சிலை. மனிதருக்கும் மாட்டுக்கும் அதை வைத்துக் கட்டி மந்திரம் சொன்னார்கள். காட்டில் புண்ணாற்றிக்கொண்டிருந்த கொடியை வானத்தில் ஏற்றிப் பத்தினியாக்கியது பின்னால் நடந்த வேலை.

வானத்தில் அவள் இருக்கும் இடம் ஏழு முனிவர் கூட்டம். வடக்கே கலப்பை மாதிரி தெரிகிற ஏழு மீன்களில், மேழியின் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சின்னப் புள்ளி அருந்ததி. அரபிகள் அந்த மீனைக் கண் பார்வைக்குச் சோதனையாக வைத்திருந்தார்கள். நம்மூரிலும் அருந்ததி தெரியாதவனுக்கு ஆறு மாதம்தான் ஆயுசு என்பார்கள். எண்பது ஒளியாண்டுக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிறது. தனி மீன் என்று நினைத்திருந்த அதன் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு மீன் ஒட்டிக்கொண்டிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் அருந்ததி என்ற பெயர் வேறொரு காரணத்துக்காகச் சட்டமன்றம் ஏறியது. அதற்குப் பின்னால் வருவோம்.

மணமகளுக்கு இந்த மீனைக் காட்டச் சொல்வது கிருகிய சூத்திரங்கள். ஆசுவலாயனர் துருவனையும் அருந்ததியையும் ஏழு முனிவரையும் பார்க்கச் சொல்கிறார். அம்மி மிதிப்பது கல் மாதிரி அசையாமல் இரு என்பதற்கு, அருந்ததி பார்ப்பது கற்போடு இரு என்பதற்கு. இரண்டும் பெண்ணுக்குத்தான். ராத்திரிச் சடங்கு பகல் முகூர்த்தத்துக்கு மாறிய பிறகும் கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். பார்ப்பனர் எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் தெருக் கல்யாணத்துக்கும் அது எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. வேதாந்திகள் இதிலிருந்து 'ஸ்தூலாருந்ததி நியாயம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சங்கரரே அதைப் பயன்படுத்துகிறார். சின்ன மீன் கண்ணுக்குப் படாது, ஆகவே பக்கத்திலுள்ள பெரிய மீனை முதலில் காட்டி, இதுதான் அருந்ததி என்று சொல்லி, பிறகு அதை இல்லை என்று விலக்கி, உண்மையான அருந்ததிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அவளைப் பார்க்க அவன் வழியாகத்தான் போக வேண்டும்.

சங்கப் பாட்டுகளில் இந்த மீனுக்கு வடமீன் என்று பெயர், சிறுமீன் என்றும் வரும். அங்கேயும் கற்புக்குத்தான் உவமை. ஆகவே இதை முழுக்க வடக்கின் தலையில் கட்டி நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. சிலப்பதிகாரம் கண்ணகியைக் கல்யாணப் பந்தலில் வைத்தே அந்த மீனுக்கு நிகராக்குகிறது. மூத்த பார்ப்பான் வழிகாட்ட அவள் தீவலம் வருகிற இடத்தில் அருந்ததிக்கு இளங்கோ இடுகிற பெயர் 'சாலி'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மணிமேகலையில் ஆபுத்திரனின் தாய்க்கும் பெயர் சாலி. வாரணாசிப் பார்ப்பனி. கணவனைத் தவிர வேறொருவனிடம் கருவுற்று, தெற்கே வந்து, பெற்ற பிள்ளையைத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். பசு பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. வளர்ந்தவன் வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்து விட்டதற்காகப் பார்ப்பனர்கள் அவனை அடித்துப் பிறப்பைச் சொல்லி இழிக்கிறார்கள். அவன் அசரவில்லை. உங்கள் ரிஷிகளில் பசு வயிற்றில் பிறந்தவன் இல்லையா, மான் வயிற்றில் பிறந்தவன் இல்லையா என்று வரிசையாகக் கேட்கிறான். கடைசியில் வசிட்டரும் அகத்தியரும் தெய்வலோகக் கணிகை பெற்ற பிள்ளைகள்தானே, அப்படியிருக்கச் சாலி மேல் மட்டும் என்ன குற்றம் என்று முடிக்கிறான். வசிட்டரின் பெயரைச் சொன்ன வாயோடு 'சாலி' என்கிறான். வசிட்டன் மனைவிக்கும் சாலி என்ற பெயர் உண்டு என்பது சாத்தனாருக்குத் தெரியாமலா இருக்கும்? பௌத்தக் காப்பியத்தில், வேதியர் கூட்டத்துக்கு நடுவே, பத்தினித் தெய்வத்தின் பெயரும் வழிதவறிய தாயின் பெயரும் ஒன்றாகி நிற்கின்றன. வகுப்பில் எனக்கு இந்தக் காதையைப் பாடம் நடத்தியபோது சொல்நயம் என்று ஒரு வரியில் தாண்டிப் போனார்கள்.

இனி பிறப்பு. பாகவத புராணம் அருந்ததியைக் கர்த்தமப் பிரஜாபதியின் மகள் என்கிறது. காளிகா புராணத்தில் வேறு கதை. சந்தியா என்ற பெண் மேதாதிதி முனிவரின் வேள்வித் தீயில் உடம்பை விட்டு, அதே தீயிலிருந்து அருந்ததியாகப் பிறந்தாளாம். தில்லைக்குப் போன நந்தனையும் நெருப்பில் இறக்கித்தான் முனிவராக வெளியே எடுத்தார்கள். தீயில் கழுவுகிற வேலை ஓர் ஆளுக்கு நடந்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் அந்த ஆள் யார் என்று கேட்பது நம் வழக்கமாக இருக்கட்டும்.

கேட்டால் பதில் மனுவே சொல்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில், நதி கடலில் கலந்து கடலின் குணம் அடைவது மாதிரி மனைவி கணவனின் குணத்தை அடைகிறாள் என்று எழுதிவிட்டு, அடுத்த சுலோகத்திலேயே சான்று தருகிறான். இழிபிறப்பினளான அட்சமாலை வசிட்டரைச் சேர்ந்ததால் வணங்கத்தக்கவள் ஆனாளாம். அட்சமாலை என்பது அருந்ததியின் இன்னொரு பெயர் என்பதே மரபு. நம் பக்கத்தில் கபிலரகவலும் அதையே வேறு நோக்கத்தோடு சொல்கிறது. வசிட்டருக்குச் சண்டாளி வயிற்றில் பிறந்தவர் சத்தியர், சத்தியருக்குப் புலைச்சியிடம் பிறந்தவர் பராசரர், பராசரருக்கு மீன்காரியிடம் பிறந்தவர் வியாசர் என்று அது அடுக்குகிறது. புராணப்படி சத்தியின் தாய் யார்? அருந்ததி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், கணக்கு நேராக வருகிறது. மனுவின் 'இழிபிறப்பு', கபிலரகவலின் 'சண்டாளி', கல்யாணப் பந்தலில் விரல் நீட்டிக் காட்டுகிற வான்மீன் எல்லாம் ஒருத்திதான். ஒரே வித்தியாசம், கபிலரகவல் இதைச் சொல்வது பிறப்பில் ஒன்றுமில்லை என்பதற்கு. மனு சொல்வது பெண்ணுக்குச் சொந்த மதிப்பு ஒன்றுமில்லை என்பதற்கு.

அவ்வளவு கொடுத்தும் அவளை நிம்மதியாக விட்டார்களா? மகாபாரதம் ஆதிபர்வத்தில், காண்டவ வனம் எரிகிற கதையின் வால்பகுதியில் ஒரு செய்தி வருகிறது. வசிட்டர் தனக்கு உண்மையானவர்தானா என்று அருந்ததி ஒருமுறை சந்தேகப்பட்டாளாம். அந்தப் பாவத்தால்தான் புகை மூடிய நெருப்பு மாதிரி, தெரிந்தும் தெரியாமலும் மங்கிப் போனாளாம். அந்த மீனின் ஒளி ஏன் குறைச்சல் என்பதற்கு இது காரணம். பீஷ்ம பர்வத்தில், போருக்கு முந்திய துர்ச்சகுனங்களில் ஒன்று, அருந்ததி வசிட்டரைப் பின்னால் தள்ளி முன்னே போய்விட்டாள் என்பது. ஒரு பெண் முன்னால் நடந்தால் உலகத்துக்குக் கேடு. பெயரின் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்: மறிக்காதவள்.

எங்கள் ஊர்ச் சாமிக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை உண்டு. திருக்காட்டுப்பள்ளி அக்னீசுவரர், தீயாடியப்பர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். தன் மேல் வந்த பழி நீங்க அக்னி இங்கே வந்து கும்பிட்டான் என்பது தலபுராணம். வனபர்வத்தில் அக்னிக்கு இன்னொரு பழியும் இருக்கிறது. ஏழு முனிவரின் மனைவிமார் மேல் ஆசைப்பட்டு அவன் கிறங்கிக் கிடந்தபோது, அவன் மேல் காதல் கொண்ட சுவாகா அந்தப் பெண்களின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறாள். ஆறு பேர் உருவம் எடுக்க முடிந்தது, அருந்ததி உருவம் மட்டும் முடியவில்லை. ஆறு பேரும் குற்றம் செய்யாமலே புருஷன்மாரால் தள்ளி வைக்கப்பட்டார்கள். ஆசைப்பட்டவனுக்குக் காவிரிக் கரையில் பிராயச்சித்தம், கோயிலில் பெயர். இழிபிறப்பு என்று மனு எழுதியவள் மட்டும் அந்தக் கதையில் தப்பித்து நிற்கிறாள்.

பெயர் வைப்பதிலும் மனு கை வைத்தான், அதுவும் இங்கே சேர வேண்டும். பார்ப்பானுக்கு மங்கலப் பெயர், சத்திரியனுக்கு வலிமைப் பெயர், வைசியனுக்குச் செல்வப் பெயர், சூத்திரனுக்கு அருவருக்கத்தக்க பெயர். வருணத்துக்கு வெளியே நின்ற நமக்கு அதுவும் எழுதவில்லை. பெண்ணுக்கு மட்டும் தனி விதி. கூப்பிட எளிதாக, கடுமையில்லாமல், காதுக்கு இனிதாக, நெடிலில் முடிய வேண்டும். சரோஜா, வனஜா, கிரிஜா என்று நம் ரேஷன் அட்டைகளில் நிறைந்திருக்கும் நெடில்களின் ஊற்று அங்கே இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் இன்னொரு கட்டளை. நட்சத்திரம், மரம், நதி, மலை, பறவை, பாம்பு, இழிசாதி, அடிமை இவற்றின் பெயர் கொண்ட பெண்ணைக் கட்டக் கூடாது. அந்தக் கணக்கில் ரோகிணிக்கும் ரேவதிக்கும் மாப்பிள்ளை கிடைக்காது. அருந்ததி இருபத்தேழில் சேராததால் தப்பினாள் என்று வைத்துக்கொள்வோம். காவேரி தப்பவே முடியாது. எங்கள் பகுதியில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு காவேரி மேல் விழும். குடமுருட்டி பிரிகிற ஊரில் பிறந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பெயர்களில் ஒட்டியிருந்த பக்கங்கள் எரியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறான் ராசராசன். அதே கோயில் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்களும் இருக்கின்றன, நிலக் கணக்கில், வரி நீங்கிய இடங்களின் பட்டியலில். சேரி இருக்கிறது, அதில் இருந்த பெண்ணின் பெயர் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய எங்கள் பாட்டிகளின் பெயர் என்ன என்று எந்தக் கல்லைக் கேட்பது?

எனக்குக் கிடைத்த வரை மேலே போனால் அப்பாவின் ஆத்தா குப்பாயி. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் செத்துப் போக, நாலாவதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பெயர் வைத்தார்களாம். சாவை ஏமாற்றுகிற பெயர். மேல்சாதியிலும் குப்புசாமியும் பிச்சையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே குப்பு 'சாமி'யோடு வரும், இங்கே குப்பு குப்பையோடு நின்றுவிடும். பண்ணை வீட்டில் யாருக்காவது இருக்கிற பெயரைச் சேரியில் வைத்தால், கணக்குப்பிள்ளை அதை ஒடித்து வேறாக்கித்தான் கூப்பிடுவார் என்று ஆத்தா சொல்லும். ராமசாமி ராமனாகி ராமாவாகி, கடைசியில் 'டேய்' மட்டும் மிஞ்சும்.

என் அம்மா வீட்டில் பாவாயி, பள்ளிக்கூடத்தில் சரோஜா. சேர்த்துக்கொண்ட வாத்தியார் வைத்தது. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். சரோஜா என்றால் குளத்தில் பிறந்தவள். பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தவள். அக்கிரகாரத்துப் பங்கஜத்தை யாரும் மூக்கைச் சுளித்துக் கூப்பிட்டதில்லை. அதையே தமிழில் 'சேத்துப்பொண்ணு' என்று வைத்தால் அது நடவாளின் பெயர். சேறு ஒன்றுதான், மொழி மாறியதும் சேறு மணக்கிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களைப் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். பெரியவர்களில் கருப்பாயியும் குப்பம்மாளும். சின்னதுகளில் சரோஜாவும் வாசுகியும் கருணாநிதியும். சங்கம் வைத்து, கூலி கேட்டு, பிள்ளைகளுக்குப் பெயரையும் மாற்றிப் பார்த்த ஒரு தலைமுறை அது. ஒரே குடிசைக்குள் இரண்டு பெயர்வரிசையும் கிடந்தன.

தனி ஆள் பெயரை மாற்றுவது ஒன்று, சாதியின் பெயரை மாற்றுவது இன்னொன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். வசவை எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்ட துணிச்சல். எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசாணை ஆக்கினார். அதே 1920களில், எல்.சி. குருசாமி போன்றவர்கள் சென்னையில் அருந்ததியர் மகாஜன சபை, இரவுப் பள்ளி என்று இயங்கினார்கள். சக்கிலியர், மாதிகர், பகடை என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் ஏசப்பட்ட சனங்கள் அருந்ததியர் என்று தங்களை எழுதிக்கொண்டார்கள். நாங்கள் 'ஆதி' என்று மண்ணைக் காட்டினோம். அவர்கள் வானத்தைக் காட்டினார்கள். வசிட்டர் கட்டிக்கொண்டது எங்கள் வீட்டுப் பெண்ணை என்பது மாதிகர்களிடம் வழங்கும் பழைய கதை. மனு இழிவாக எழுதியதை அவர்கள் உரிமையாகப் படித்திருக்கிறார்கள். நீ தினமும் கையெடுத்துக் காட்டுகிற மீன் எங்கள் அக்கா என்று.

இதில் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு, சொல்லிவிடுகிறேன். ரிஷிபத்தினியின் பெயரை எடுத்துக்கொள்வது ரிஷியின் வீட்டு வாசலிலேயே நிற்பதாகிவிடாதா? அந்தப் பக்கத்திலேயே இதற்கு மாற்றான கதை ஒன்று இருக்கிறது. பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதை, நா. வானமாமலை பதிப்பித்தது. பார்ப்பனன் முத்துப்பட்டன், வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்ட வேண்டும் என்று கேட்கிறான். அப்பன் உடனே தலையாட்டவில்லை. குடுமியை அறு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் கொண்டுவா, அப்புறம் பார்ப்போம் என்கிறான். அவன் செய்கிறான். வசிட்டர் கதையில் பெண் மேலே ஏறினாள், இங்கே ஆண் இறங்கி வந்தான். எனக்கு வாலப்பகடையின் கதைதான் பிடிக்கும். ஆனால் இதையும் விட்டு வைக்கவில்லை. அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனர் வீட்டுப் பிள்ளைகள், காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று பின்னால் ஒட்டுப் போட்டார்கள். மதுரைவீரனையும் காசிராசன் மகனாக்கினார்கள். அருந்ததியைக் கர்த்தமர் மகளாக்கிய அதே கை.

2009இல் தமிழ்நாடு அரசு, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஏழு பெயர்கள் அதில் ஒரே பெயருக்குள் வந்தன. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்டு 1 அன்று, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் வந்த நேரத்தில் நான் கல்லூரி மாணவன். எங்கள் பக்கத் தோழர்கள் சிலர் 'தலித் ஒற்றுமையை உடைக்கிற சதி' என்று பேசியதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஒற்றுமை என்று நாங்கள் சொன்னதற்குள், மலக்குழிக்குள் இறங்குகிறவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் எங்களோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

சம்பந்தியம்மா சொன்னதற்குப் பிறகு நாலைந்து நாள் கழித்து, எங்கள் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். கூட்டங்களில் பழக்கம். அவர் வீட்டுக்குள் அதற்கு முன் போனதில்லை என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

"எங்க தெருவுல அந்தப் பேரு வச்ச புள்ள ஒண்ணுகூட இல்ல தம்பி. பொம்பளப் புள்ளைக்கி அந்தப் பேர வச்சுட்டு, அது எங்க போயி வேல கேக்கும்? சர்ட்டிபிகேட்ட காட்டுறதுக்கு முன்னாடியே பேரு காட்டிக் குடுத்துடும்ல. எங்க பேத்திங்க எல்லாம் ஹரிணி, யாழினின்னு இருக்குதுங்க. பாப்பார ஊட்டுல வைக்கலாம், வச்சா அது நட்சத்திரம். நாங்க வச்சா சாதி."

சம்பந்தியம்மா சொன்ன அதே வாக்கியம். ஒரு வாயில் அருவருப்பு, இன்னொரு வாயில் அனுபவம்.

அவருக்கு அந்த மீன் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாமயா? மார்கழி தையில நாலு மணிக்கித் தெருக் கூட்டப் போவோம்ல, வடக்கால நல்லாத் தெரியும். கல்யாண மண்டபத்துல எச்சில எல அள்ளுறப்ப எங்கப்பா காட்டுவாரு. அவங்க பகல்ல பாத்தத நம்ம ராத்திரி பாக்குறோம் பாருடான்னு." அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "ஒங்க தங்கச்சி வைக்கப் போவுதா? வச்சுட்டா ஒங்க சனம் சும்மா இருக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. டீ வந்தது, குடித்தேன். அதைக் குடிக்கிறேனா என்று அவர் மருமகள் கதவோரத்திலிருந்து பார்த்ததையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்சமாலை, சாலி, சண்டாளி, மாதிகர் கதை, பெரியவர் சொன்னது. எனக்குக் கூட்டத்தில் பேசுகிற குரல் வந்துவிட்டது போல. "இவ்வளவும் அன்னிக்கி அத்தைக்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள். குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம்ணே. கூப்பிட நல்லா இருக்கு, அவ்வளவுதான். அவங்க பேருன்னா இருந்துட்டுப் போவட்டும். நம்ம புள்ளைய யாராச்சும் அவங்க புள்ளன்னு நெனச்சா என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். மேடையில் நான் இந்தக் கேள்வியை ஒரு நாளும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தியம்மாவிடம் நான்தான் போய்ப் பேசினேன். புராணம் எதுவும் எடுக்கவில்லை. "நம்மள அவன் சொன்னத நம்ம அவங்கள சொல்லலாமாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "நீங்க படிச்சவங்க" என்றார். அது சம்மதமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். தங்கை அவ்வளவு நாள் விடவில்லை. மாசிக் கடைசியில் அவளே கைக்குழந்தையோடு போனாள், நானும் கூட நின்றேன். படிவத்தை வாங்கிப் பார்த்த ஆள் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. "என்ன ஆளுங்களா இருந்தா எழுதுவீங்க?" என்று கேட்டாள் தங்கை. அவர் அதற்கு மேல் பேசவில்லை, எழுதினார். 'ந்' போட மறந்துவிட்டு, அவள் காட்டியதும் அடித்துத் திருத்தி எழுதினார்.

சம்பந்தியம்மா இன்னும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். குழந்தை அதற்கும் திரும்பிப் பார்க்கிறாள்.